டிம் ஆகாத விளக்கு

பாடாலூர்ப் பக்கத்தில் அரியமுத்துவின் ஜீப்பைப் பெட்ரோமாக்ஸ் ஜீப் என்றுதான் சொன்னார்கள். அவர் முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் காதில் விழத்தான் செய்தது.

அந்தப் பெயர் ஒரு கல்யாணத்தன்று வந்தது. 1978, ஐப்பசி மாதம். அரியலூரில் முகூர்த்தம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்கள் சிலரையும் ஏற்றிக்கொண்டு அரியமுத்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வழியில் பொழுது இருட்டி, மழையும் பிடித்துக்கொண்டது. ஜீப் ஐம்பதுகளில் செய்தது. அதன் மின்சாரம் எல்லாம் ஆறு வோல்ட். முன்விளக்கைப் போட்டால் எலுமிச்சம்பழ நிறத்தில் இரண்டு வட்டம் தரையில் விழும். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மழையில் அந்த வட்டமும் கரைந்துபோயிற்று.

ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியது. பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அரியமுத்து வண்டியை நிறுத்திவிட்டார். பெண்ணின் தாய்மாமன், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பற்றவைத்து, குடையைப் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். பாலத்தைத் தாண்டிய பிறகும் அவர் நிற்கவில்லை. நிற்கச் சொல்லவும் முடியவில்லை. அவர் நடக்க, ஜீப் அவர் பின்னால் ஊர்ந்தது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. வழி கிடைத்து முந்திப் போகும்போது ஜன்னலில் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்ப்பா, இது கல்யாண ஊர்வலமா, இல்ல வேற ஊர்வலமா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜீப்பில் இருந்த பெண் தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டாள். அரியமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரியமுத்துவின் அப்பா, பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நடந்து போனவர். அரியமுத்து அதே நிலத்துக்காரரிடம் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு லாரி ஓட்டி, சர்க்கார் ஏலத்தில் விட்ட இந்தப் பழைய ஜீப்பை எடுத்தார். வாடகைக்கு ஓட்டப் பெர்மிட்டும் வாங்கினார். அவர்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ஒரு சைக்கிள்கூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அப்பா ஒதுங்கி நடந்த தெருவில் அவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. அந்தத் தெருவில்தான் இப்போது பெட்ரோமாக்ஸ் கதையும் போய்ச் சேர்ந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மூன்று சவாரி கைவிட்டுப் போயின. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வருஷா வருஷம் அவர் வண்டியில் போகும் ஒரு குடும்பம், திரும்பி வர இருட்டிவிடும் என்று சொல்லி வேறு கார் பிடித்தது. அன்று சாப்பிட உட்கார்ந்த அரியமுத்து பாதியில் எழுந்துவிட்டார்.

"லைட்டுதானே, மாத்திட்டாப் போச்சு. அதுக்குச் சோத்தை ஏன் வெக்கறீங்க?" என்றாள் மனைவி மலர்க்கொடி.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இளையபெருமாள் என்று ஒரு எலெக்ட்ரீசியன் இருந்தார். லாரி, பஸ், கார் எதுவானாலும் ஒயரிங் வேலை பார்ப்பார். அரியமுத்துவும் அவரும் ஒன்றாக லாரியில் போன காலத்திலிருந்து பழக்கம். இளையபெருமாள் ஜீப்பின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆறு வோல்ட்டை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணாலும் இவ்வளவுதான். பன்னெண்டுக்கு மாத்திடு. பேட்டரி, டைனமோ, சார்ஜக் கட்டுப்படுத்தற கட்அவுட், பல்பு, ஹாரன் எல்லாம் மாத்தணும். அப்பத்தான் லைட்டு லைட்டா எரியும்."

"மாத்து. அதோட இன்னொன்னும் செய்யணும். லாரிக்குப் போடுற பெரிய லைட்டு ரெண்டு வேணும். பம்பர் மேல."

"ஜீப்புக்கு எதுக்குடா லாரி லைட்டு?"

"வேணும்."

இளையபெருமாள் அதற்கு மேல் கேட்கவில்லை. உடைத்துப்போட்ட ஒரு லாரியிலிருந்து கழற்றிய இரண்டு போகஸ் லைட் அவரிடம் கிடந்தது. பம்பரில் துளை போட்டு மாட்டினார். தடித்த ஒயர் இழுத்துத் தனி சுவிட்ச் வைத்தார். ஒன்றை மட்டும் சொன்னார்.

"கால்ல மிதிக்கிற டிம் சுவிட்ச்சுல தண்ணி பூந்து துரு ஏறிப்போச்சு. ஹெட்லைட்டு டிம் ஆகாது. புதுசு திருச்சியிலதான் வாங்கணும். பம்பர்ல இருக்கறது ரெண்டும் எப்படியும் டிம் ஆகாது. அணைச்சாத்தான் உண்டு."

"அது மெதுவா வாங்கிக்கலாம்" என்றார் அரியமுத்து.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது முதல் முறையாக நான்கு விளக்கையும் போட்டார். சாலையோரப் புளியமரங்கள் உச்சிவரை வெளுத்துத் தெரிந்தன. தூரத்து மைல்கல்லில் எழுத்துகூடப் படிக்க முடிந்தது. எதிரே வந்த ஒரு சிமெண்ட் லாரி தன் விளக்கை இறக்கி, ஏற்றி, மறுபடியும் இறக்கிக் கெஞ்சியது. அரியமுத்து அணைக்கவில்லை. லாரி வேகம் குறைந்து ஓரம் கட்டி நின்று வழிவிட்டது. தன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய ஒன்று தனக்காக ஒதுங்கியது அதுதான் முதல் தடவை. இதை அவர் மலர்க்கொடியிடம் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பெட்ரோமாக்ஸ் பேச்சு அடங்கிவிட்டது. சவாரிகள் திரும்பி வந்தன. டிம் சுவிட்ச் வாங்கத் திருச்சிக்குப் போகவேண்டும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வார். அந்த மாதம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்தை அரியலூர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுப் பெரம்பலூரை நோக்கி ஜீப் காலியாக வந்துகொண்டிருந்தது. வீடுகளில் விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு. சாலையில் வேறு வண்டி இல்லை. எதிரே ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டுகிறவர், பின்னால் கேரியரில் ஒரு பெண், அவள் மடியில் ஒரு பெரிய துணி மூட்டை. வெளிச்சத்தில் அவ்வளவும் தெளிவாகத் தெரிந்தது. சைக்கிள்காரர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. அதற்குள் ஜீப் தாண்டிவிட்டது.

அரியமுத்து பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தார். இருட்டு மட்டும் தெரிந்தது. கால் பிரேக்குக்குப் போனது. போய்விட்டு ஆக்சிலேட்டருக்கே திரும்பி வந்தது. சைக்கிள் ஏதாவது ஒற்றையடிப் பாதையில் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பேரளியில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாஸ் பாதி காலியாகவில்லை. அரியலூரிலிருந்து வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார்.

"இது யாரு ஜீப்பு? அங்க ஒரு ஆளும் பொம்பளையும் சைக்கிளோட பள்ளத்துல கெடக்கறாங்க. அந்த ஆளுக்குக் கை சரியில்ல. பஸ்ஸுல படுக்க வெக்க எடமில்ல. ரெண்டு பேர எறக்கி விட்டுட்டு வந்திருக்கேன். கொஞ்சம் போங்கண்ணே, புண்ணியமாப் போவும்."

அரியமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பிப் போகும்போதும் நான்கு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன. அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இடத்தைத் தேட வெளிச்சம் வேண்டியிருந்தது.

விழுந்து கிடந்தவர் சாமிக்கண்ணு. பேரளிக்கு அப்பால் ஒரு ஊரில் தையல்காரர். பெரம்பலூரில் துணி எடுத்துக்கொண்டு மனைவி உண்ணாமலையோடு திரும்பிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி அது. பள்ளத்தில் இருந்த கல்லில் அவருடைய வலது மணிக்கட்டு மோதியிருந்தது. கை கையாக இல்லை. உண்ணாமலைக்கு நெற்றியில் காயம். பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்த இரண்டு பேர் கைகொடுக்க, சாமிக்கண்ணுவைத் தூக்கி ஜீப்பின் பின்னால் படுக்க வைத்தார்கள். உண்ணாமலை முன் சீட்டில் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பிப் புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியதும் பேச ஆரம்பித்தாள். பேசாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"ஏதோ லாரிக்காரன், அண்ணே. எதிர்ல ரெண்டு சூரியன் வந்த மாதிரி இருந்துச்சு. கண்ணு ரெண்டும் அவிஞ்சே போச்சு. ரோடு எங்க இருக்கு, பள்ளம் எங்க இருக்கு, ஒண்ணும் தெரியல. அவன் நிக்கவே இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல."

அரியமுத்துவின் கை தானாகப் போய் பம்பர் விளக்குகளின் சுவிட்ச்சை அணைத்தது. சாலை மங்கியது.

"ஏண்ணே அணைச்சிட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு. சீக்கிரம் போவணுமே."

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்மா" என்றார் அவர். சொன்ன பிறகு அந்த வார்த்தை தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பின்னால் படுத்திருந்த சாமிக்கண்ணு முனகினார்.

ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் போயிற்று. ஒரு கான்ஸ்டபிள் வந்து என்ன வண்டி என்று கேட்டார். லாரி என்றாள் உண்ணாமலை. நம்பர் பார்த்தாயா என்றார். கண்ணே தெரியாதபோது நம்பர் எப்படித் தெரியும் என்றாள். அரியமுத்து சுவரோரம் நின்றிருந்தார். கான்ஸ்டபிள் அவர் பக்கம் திரும்பி, "நீங்கதான் கொண்டுவந்து சேத்தீங்களா? நல்ல காரியம். மத்தவன்னா வம்பு எதுக்குன்னு போயிருப்பான்" என்றார். உண்ணாமலை இரண்டு கையையும் கூப்பினாள். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சு சிவந்திருந்தது. அரியமுத்து அவள் கையைத்தான் பார்த்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மணிக்கட்டு எலும்பு நொறுங்கியிருந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. கத்தரிக்கோலைப் பிடிக்கலாம், அழுத்த முடியாது.

இந்தச் செய்தியெல்லாம் அரியமுத்துவுக்கு வந்துகொண்டிருந்தது. ஏனென்றால் இதற்குள் அவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர் எடுத்துவிட்டார். டீக்கடையில் யாராவது புதியவரிடம் அவரைக் காட்டி, "அன்னிக்கு டெய்லரத் தூக்கிட்டுப் போனாரே, இவருதான்" என்பார்கள். அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போவார். அடக்கமான மனுஷன் என்று அதற்கும் ஒரு பெயர் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் சாமிக்கண்ணுவும் உண்ணாமலையும் பஸ் ஏறி அவர் வீடு தேடி வந்தார்கள். உண்ணாமலை ஒரு பொட்டலத்தை மலர்க்கொடியிடம் கொடுத்தாள். உள்ளே வெள்ளைச் சட்டை.

"இவரு அன்னிக்குக் கண்ணால பாத்த அளவச் சொல்லிச் சொல்லி, நான் வெட்டித் தெச்சேன். எனக்கு இதுதான் மொதச் சட்டை. கழுத்துல கொஞ்சம் கோணல் இருக்கும். அண்ணன் போட்டுக்கணும்" என்றாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா" என்றார் அரியமுத்து. சாமிக்கண்ணு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அரியமுத்து சட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். மலர்க்கொடி இரண்டு தடவை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அளவு சேரவில்லை என்றார் அவர். போட்டே பார்க்காமல் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதும் எழுந்து வெளியே போனார்.

பங்குனியில் ஜீப்புக்கு எஃப்.சி. வந்தது. வாடகை வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். பெரம்பலூர்த் திடல் ஒன்றில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முந்தின நாள் இளையபெருமாள் சொன்னார்:

"பம்பர் லைட்டைக் கழட்டி வீட்ல வெச்சுட்டுப் போ. பாத்து முடிச்சதும் சாயங்காலம் மாட்டித் தரேன். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அரியமுத்துவும் கழற்றி வைத்துவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் நடு வயதுக்காரர். வெயிலில் காலையிலிருந்து நின்று களைத்திருந்தார். பிரேக்கைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார். முன்னால் வந்து பம்பரில் இருந்த துளைகளில் விரலை வைத்தார். துளையைச் சுற்றி வட்டமாகப் பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்தது.

"இங்க என்னப்பா இருந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"காலையிலேர்ந்து பாக்கற வண்டியில பாதிக்கு இந்த ஓட்டை இருக்கு. இப்பக் கழட்டிட்டு வருவீங்க, சாயங்காலம் மாட்டிடுவீங்க. எதிர்ல சைக்கிள்ல வர்றவன் எங்க போவான்? பள்ளத்துலதான் போவான்."

அவர் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அரியமுத்து ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் காய்ந்த தகடு உள்ளங்கையைச் சுட்டது. எடுக்கவில்லை.

"டிம் போடு" என்றார் இன்ஸ்பெக்டர். டிம் ஆகவில்லை. "இதைச் சரி பண்ணி எடுத்துட்டு வா, அப்புறம்தான் எஃப்.சி."

"எப்படிப் பண்ணணும்னு சொல்லுங்க சார். சரியாப் பண்ணணும்" என்றார் அரியமுத்து.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பழைய வண்டிக்கு நல்ல லைட்டுப் போடறது தப்பில்லப்பா. ஆறை எடுத்துட்டுப் பன்னெண்டு போட்டிருக்க, நல்லதுதான். ஆனா ரெண்டு பல்பும் ஒரே வாட்ஸா, அனுமதிச்ச அளவுக்குள்ள இருக்கணும். டிம் வேலை செய்யணும். டிம் போட்டா வெளிச்சம் ரோட்டுல விழணும், ஆள் மூஞ்சியில விழக்கூடாது. காலி வண்டியில செட் பண்ணாத. பின்னாடி ஆள் ஏறினா ஜீப்பு மூக்கைத் தூக்கும், வெளிச்சமும் மேல போயிடும். கனத்தை ஏத்தி வெச்சு செட் பண்ணு. பம்பர்ல இருந்தது எதுவோ, அது வேண்டாம்."

அரியமுத்து திடலிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், பெட்டியிலிருந்து சட்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிச் சாமிக்கண்ணுவின் ஊருக்குப் போனார். ஜீப்பை எடுக்கவில்லை. மலர்க்கொடி எங்கே என்று கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்றார்.

உண்ணாமலை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சாமிக்கண்ணு துணியில் இடது கையால் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வந்திருக்கிறார் என்று அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் சொம்பை வாங்கவில்லை.

"அன்னிக்கு வந்தது லாரி இல்லம்மா. என் ஜீப்புதான். சைக்கிள் ஆடுனதப் பாத்தேன். நிக்காமப் போயிட்டேன்."

உண்ணாமலை சொம்போடு நின்றாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சாமிக்கண்ணுதான் முதலில் பேசினார்.

"தெரியும்" என்றார்.

அரியமுத்து அவரைப் பார்த்தார்.

"நீங்க திரும்பி வந்து நின்னீங்கல்ல, அப்பவே தெரிஞ்சுச்சு. அதே வெளிச்சம். பள்ளத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கையி ஒடிஞ்சு கெடக்கறப்ப, ஏத்திக்கிட்டுப் போறவர்கிட்ட என்னத்தக் கேக்கறது? ஆஸ்பத்திரிக்குப் போயிச் சேரணும்ல. அப்புறம் இவ உங்களக் கும்பிட்டுட்டா. ஊரெல்லாம் உங்கள நல்லவருன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல எனக்குச் சொல்ல வரல. உங்க வூட்டுக்கு வந்தன்னிக்கும் ஜீப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்களே சொல்லுவீங்களோ என்னவோன்னு."

அரியமுத்துவுக்கு அதுவரை இருந்த வெட்கம் ஒன்று, இது வேறு. இத்தனை நாளும் தான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து சோறு பரிமாறச் சொன்னது, எதுக்கும்மா இதெல்லாம் என்று பெரிய மனிதர் போலப் பேசியது, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் இவர் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உண்ணாமலை புருஷனைப் பார்த்தாள், பிறகு அரியமுத்துவைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அந்தச் சட்டை எங்க?"

அவர் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடப் போடாத சட்டை. மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்ப வரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க" என்றார் சாமிக்கண்ணு.

அன்று வீட்டில் மலர்க்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. "சட்டையைப் போடலைன்னதும் எனக்கு என்னமோ போல இருந்துச்சு. இது இருக்கும்னு நெனைக்கல" என்றாள். பிறகு ஒரு நாள் முழுதும் அவரோடு பேசவில்லை.

அவர் திருச்சிக்குப் போய் டிம் சுவிட்ச் வாங்கிக்கொண்டு வந்தார். இளையபெருமாள் வீட்டுக்கு வந்து முன்விளக்குகளில் சரியான பல்பு இரண்டைப் போட்டு, பழைய ரிப்ளெக்டரை மாற்றினார். பம்பர் விளக்குகளைத் தன் கடைக்கே எடுத்துப்போகத் தூக்கியபோது அரியமுத்து தடுத்தார்.

"ஒரு தடவை மாட்டு. நான் பாக்கணும்."

பொழுது இறங்கியதும் ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஜீப்பை நிறுத்தி, பின்னால் நெல் மூட்டைகளை ஏற்றினார்கள். இளையபெருமாள் ஜீப்பில் உட்கார்ந்தார். அரியமுத்து ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, மலர்க்கொடியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து ஜீப்பை நோக்கி மிதித்து வந்தார். நான்கு விளக்கும் எரிந்தன.

கொஞ்ச தூரம் வருவதற்குள் சாலை காணாமல் போயிற்று. வெள்ளையாக ஒன்று முகத்தில் வந்து அப்பிக்கொண்டது. சைக்கிளின் ஹாண்டில் தெரியவில்லை, தன் கை தெரியவில்லை. சாலையின் விளிம்பு இடது பக்கம் எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். சைக்கிள் ஆடியது.

"எறக்கி விடுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மலர்க்கொடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு.

காலை ஊன்றி நின்றார். அவள் இறங்கினாள். அவர் சைக்கிளைப் பிடித்தபடி அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். இளையபெருமாள் என்னவோ கத்திக் கேட்டார். காதில் வாங்கவில்லை. கடைசியில் மலர்க்கொடிதான் நடந்து போய் விளக்கை அணைக்கச் சொன்னாள்.

பிறகு அவர்கள் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஜீப்பை ஒரு கிடங்குச் சுவருக்கு எதிரே தள்ளி நிறுத்தினார்கள். சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, டிம் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே விழும்படி இளையபெருமாள் ஸ்குரு டிரைவரால் திருகினார். மூட்டைகளைத் திரும்ப ஏற்றியபோது வெளிச்சம் கோட்டுக்கு மேலே ஏறியது. மறுபடியும் திருகினார். மூட்டை இருக்கும்போதும் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரியமுத்து விடாமல் நின்றார். அதற்குப் பிறகு அவர் தனியாகச் சைக்கிளில் வந்து பார்த்தார். டிம் போட்டபோது சாலையும் அதன் ஓரமும் நன்றாகத் தெரிந்தன. முகத்தில் ஒன்றும் விழவில்லை. ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தாலும் போதுமான தூரத்துக்குச் சாலை தெரிந்தது. பம்பர் விளக்கு இல்லாமலே தெரிந்தது.

"மொதல்லயே இப்படிப் பண்ணியிருக்கலாம். நீ கேட்டே, நான் மாட்டிக் குடுத்துட்டேன்" என்றார் இளையபெருமாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

எஃப்.சி. கிடைத்தது. அதற்கு முன்னாலேயே அரியமுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்திருந்தார். கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். அபராதம் விதித்தார்கள், லைசென்ஸில் குறித்தார்கள். சாமிக்கண்ணுவுக்கு ஏதாவது செய்ய அவர் ஆள் விட்டுக் கேட்டபோது, வேண்டாம் என்று உண்ணாமலையிடமிருந்து பதில் வந்தது. டீக்கடையில் யாரும் இப்போது அவரைப் புதியவர்களுக்குக் காட்டவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று இரண்டொருவர் அவரிடமே சொன்னார்கள். ஒருவருக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். சிலர் சவாரிக்கு வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்படவில்லை.

எதிரே சைக்கிள் வந்தால் டிம் போட்டு, வேகத்தையும் குறைத்து, அது தாண்டிப் போகும்வரை ஊர்ந்துதான் போவார். வண்டியில் இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். சைக்கிள் தாண்டியதும் பக்கத்துக் கண்ணாடியில் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் வேகம் எடுப்பார்.

உண்ணாமலை நல்ல தையல்காரியாகிவிட்டாள் என்று கேள்விப்பட்டார். சாமிக்கண்ணு அளவு எடுத்துக் கோடு போடுவார், அவள் வெட்டித் தைப்பாள். பள்ளிக்கூடத்து யூனிபார்ம் எல்லாம் அவளிடம்தான் போயிற்று.

1985-இல் ஒரு மழை நாள். பெரம்பலூரில் கடைத்தெருவை விட்டு வெளியே வரும்போது பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இருவரும் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தார். கையில் துணி மூட்டைகள். ஒரு கணம் போய்விடலாமா என்று இருந்தது. நிறுத்தினார்.

"அந்தப் பக்கம்தான் போறேன். ஏறுங்க."

உண்ணாமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமிக்கண்ணு அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

"துணி நனையுது. நான் மூட்டையோட இதுல போறேன். நீ பஸ்ஸுல வா" என்றார் மனைவியிடம். அவள் தன் கையிலிருந்த மூட்டையையும் அவரிடம் கொடுத்தாள்.

வழி முழுக்கச் சாமிக்கண்ணு மழையைப் பற்றியும் வெங்காயம் அழுகுவதைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். இருட்டத் தொடங்கியபோது அரியமுத்து விளக்கைப் போட்டார். எதிரே வண்டி வந்தபோதெல்லாம் டிம் போட்டார். சாமிக்கண்ணு ஒரு தடவை விளக்குகளின் பக்கம் பார்த்தார்.

ஊர் வந்ததும் மூட்டைகளை இறக்கி நிழற்குடைக்குள் வைத்தார்கள். பஸ் வரும்வரை நிற்கலாமா என்று அரியமுத்து தயங்கினார்.

"நீங்க கெளம்புங்க. உங்களப் பாத்தா அவ பஸ்ஸ விட்டு எறங்க மாட்டா" என்றார் சாமிக்கண்ணு.

அரியமுத்து தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.